வலைப்பூவுக்கு முன்னால் செய்தியோடை: வகுப்பறையில் பழக்குவது எப்படி

வகுப்புக்கு ஒரு வலைப்பூ (பிளாக்) தொடங்கலாம் என்று நினைக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதல் நாளே பிளாக்கர் தளத்தைத் திறந்து, பெயர் வைத்து, மேலே ஒகேனக்கல் அருவிப் படத்தைப் போட்டு, ‘எங்கள் பள்ளிக்கு வரவேற்கிறோம்’ என்று ஒரு பதிவும் போட்டுவிடுகிறார்கள். பென்னாகரம் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஜூனில் ஆரம்பித்தது ஆகஸ்டோடு நின்றுவிட்டது. மொத்தம் ஆறு பதிவு, அதில் நான்கு சுதந்திர தின விழாப் படங்கள். பிள்ளைகள் மேல் தவறே இல்லை. வலைப்பூ என்று ஒன்றை வாழ்நாளில் வாசித்தே பார்க்காத பிள்ளைகளிடம் ‘எழுது’ என்று சொன்னால் எதை வைத்து எழுதுவார்கள்?

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றினேன். முதல் ஆறு வாரம் எழுத்து கிடையாது, செய்தியோடை வாசிப்பு மட்டும். ஏழாவது வாரம்தான் வலைப்பூ. அதிலிருந்து இன்று வரை எந்த வகுப்பிலும் இது நின்றுபோகவில்லை. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய வசதி எதுவும் வேண்டாம். ஹைடெக் லேபில் வாரம் இரண்டு பீரியட், உங்கள் கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டு, இவ்வளவு போதும்.

செய்தியோடை என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்தில் புதிதாக எது வந்தாலும் அதன் தலைப்பு, தேதி, சுருக்கம், இணைப்பு எல்லாவற்றையும் அந்தத் தளமே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். நம் போனில் இருக்கும் செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது போய் எட்டிப் பார்த்து, புதியது இருந்தால் எடுத்து வந்து காட்டும். நாம் தளம் தளமாக அலைய வேண்டியதில்லை. 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் என்ற வடிவம்தான் இதற்கு ஆரம்பம். தமிழில் வலைப்பூ எழுதியவர்களுக்கு 2004-இல் வந்த தமிழ்மணம் நினைவிருக்கும். நூற்றுக்கணக்கான வலைப்பூக்களின் ஓடைகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டிய தளம் அது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அதைத்தான் உட்கார்ந்து வாசித்தேன், தமிழில் நீளமாக எழுதலாம் என்ற தைரியமே எனக்கு அங்கேதான் வந்தது. 2013 ஜூலை 1 அன்று கூகுள், ஓடை வாசிக்க வைத்திருந்த ரீடர் என்ற சேவையை மூடியபோது ஓடையின் கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. இன்று நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பது அதே ஆர்எஸ்எஸ்தான்.

சரி, வாட்ஸ்அப் குரூப்பிலேயே எல்லாச் செய்தியும் வந்துவிடுகிறதே, இது எதற்கு என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்குப் பெரும்பாலும் எழுதியவர் பெயர் இருக்காது, தேதி இருக்காது, எங்கிருந்து எடுத்தது என்று தெரியாது. மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளப் படம் இன்றைய படமாக வந்து நிற்கும். ஓடையில் வரும் ஒவ்வொன்றுக்கும் தளத்தின் பெயரும் தேதியும் நேரமும் ஒட்டியே இருக்கும். இன்னொன்று, யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் எது மேலே வர வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். ஓடையில் என்ன இருக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்கிறோம், புதியது மேலே, பழையது கீழே, அவ்வளவுதான். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி புரிய வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்களுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. வத்தல்மலையிலோ சித்தேரியிலோ அஞ்செட்டிக்கு அந்தப் பக்கமோ வீடு இருக்கிற பிள்ளைக்கு மாலையில் சிக்னலே கிடையாது. ஓடைச் செயலி கட்டுரையை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். பள்ளியில் இருக்கும்போதோ டவுன் பஸ் கூட்டு ரோட்டில் நிற்கும்போதோ ஒரு தடவை இறங்கிவிட்டால், வீட்டில் நெட் இல்லாமலேயே வாசிக்கலாம். வெறும் எழுத்துதான் என்பதால் டேட்டாவும் அதிகம் தின்னாது.

முதல் வாரம்: செயலியும் ஓடைகளும்

ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. கணக்கு தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் கேட்காது. பிள்ளைகள் புழங்கும் போனுக்கு அதுதான் நல்லது. லேபில் கணினியில் பார்க்க ஃபீட்லி அல்லது இனோரீடர் வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கு ஆசிரியர் பெயரில் ஒரு கணக்கு வேண்டும், இலவசப் பிரிவே நமக்குத் தாராளம்.

ஓடையைச் சேர்ப்பது எளிது. தளத்தின் முகவரியை நகலெடுத்துச் செயலியில் ஒட்டினால் பெரும்பாலும் அதுவே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் தளம் என்றால் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பிளாக்கர் என்றால் சாய்கோடு, ‘ஃபீட்ஸ்’, சாய்கோடு, ‘போஸ்ட்ஸ்’, சாய்கோடு, ‘டிஃபால்ட்’. இந்த இரண்டும் தெரிந்தாலே தமிழ் வலைப்பூக்களில் பெரும்பகுதி உங்கள் கையில் வந்துவிடும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. கல்வித் தொலைக்காட்சியின் சேனல் பக்கத்து முகவரியை அப்படியே ஒட்டினால் நிறைய செயலிகள் எடுத்துக்கொள்ளும்.

எந்தெந்த ஓடை? முதல் தடவை நான் நாற்பது ஓடை சேர்த்துக் கொடுத்தேன், பிள்ளைகள் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். இப்போது எட்டைத் தாண்டுவதில்லை. ஒரு தமிழ்ச் செய்தித் தளம் (பிபிசி தமிழுக்கு ஓடை இருக்கிறது), அறிவியலுக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்குக் கணியம், 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று, அது நாசாவின் படச் செய்தி. படத்துக்காகத் திறக்கிற பிள்ளை கீழே இருக்கும் இரண்டு வரி ஆங்கிலத்தையும் வாசித்துவிடும். மீதி எல்லாம் நம் ஊர்.

நம் ஊருக்கு ஓடை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கூகுள் அலர்ட்ஸ் பக்கத்துக்குப் போய் ‘ஒகேனக்கல்’ என்று தமிழில் தட்டுங்கள். கீழே இருக்கும் அமைப்புகளைத் திறந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் மின்னஞ்சலுக்குப் பதில் ஆர்எஸ்எஸ் ஃபீட் என்று மாற்றுங்கள். ஒகேனக்கல் என்ற சொல் வரும் செய்திகள் இனி ஒரு ஓடையாக வந்து சேரும். இதே மாதிரி பாலக்கோடு தக்காளி, தென்பெண்ணை, பட்டுக்கூடு, மாங்கூழ், யானை தேன்கனிக்கோட்டை என்று உங்கள் பள்ளியைச் சுற்றி இருக்கிற வாழ்க்கைக்கு ஏற்ப நான்கு சொற்களைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளையே கேட்டு எடுப்பது இன்னும் நல்லது. ஒரு வகுப்பில் ‘வேற எந்தச் சொல்லுக்கு ஓடை வைக்கலாம்?’ என்று கேட்டதற்குப் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் ‘சார், எங்க ஊருக்கு வர்ற டவுன் பஸ்ஸு’ என்றான். வைத்தோம். இரண்டு மாதம் ஒரு செய்திகூட வரவில்லை. எந்த ஊர்ச் செய்தி வருகிறது, எந்த ஊர்ச் செய்தி வருவதே இல்லை என்று அதை வைத்தே ஒரு பீரியட் பேசினோம்.

வாசிக்கப் பழக்குவது

ஓடையைக் கையில் கொடுத்துவிட்டு ‘படி’ என்றால் நடக்காது. நான் வைத்திருக்கும் வழக்கம் இது: வாரத்துக்கு ஒரு பீரியட், ஆளுக்கு ஒரு செய்தி, நோட்டில் மூன்று வரி. முதல் வரியில் செய்தி எங்கிருந்து வந்தது, என்ன தேதி. இரண்டாவது வரியில் என்ன சொல்கிறது, சொந்த வார்த்தையில். மூன்றாவது வரியில் ஒரு கேள்வி. மூன்றாவது வரிதான் முக்கியம். முதல் இரண்டு வாரம் ‘இதனால் மக்கள் பாதிக்கப்படுவார்களா?’ என்கிற மாதிரி வெற்றுக் கேள்விகளாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரத்தில் உண்மையான கேள்வி வர ஆரம்பிக்கும்.

அப்படி வந்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலம், ஜூலை. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் ஒகேனக்கல் செய்தியோடை தினமும் நிரம்பி வழியும்: நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி, பரிசல் இயக்கத் தடை, அருவியில் குளிக்கத் தடை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டை நீட்டினாள். ‘சார், ஒரே நாள்ல ஒரு பேப்பர்ல எட்டாயிரம்னு இருக்கு, இன்னொன்னுல பன்னெண்டாயிரம்னு இருக்கு. எது பொய்?’

இரண்டையும் கரும்பலகையில் எழுதினோம். செய்தியை முழுவதும் திறந்து வாசிக்கச் சொன்னேன். முதல் செய்தியின் நடுவில் ‘காலை நிலவரப்படி’ என்று இருந்தது, இரண்டாவதில் ‘மாலையில் அதிகரித்து’ என்று இருந்தது. இரண்டும் பொய் இல்லை. அன்றிலிருந்து அந்த வகுப்பில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் ‘எத்தனை மணிக்கு?’ என்று நாலு குரல் கேட்கும்.

அதோடு விடவில்லை. கனஅடி என்றால் என்ன என்று வந்தது. ஒரு கனஅடி 28.3 லிட்டர். செய்தியில் வருவது ஒரு விநாடிக்கு இத்தனை என்ற கணக்கு. அப்படியென்றால் 8,000 கனஅடி என்பது ஒரு விநாடிக்கு 2,26,400 லிட்டர். பிள்ளைகளுக்கு அந்த எண் எதுவும் சொல்லவில்லை, ஊருக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்து வகுக்கச் சொன்னேன், விநாடிக்கு ஏறக்குறைய 19 லாரி என்று வந்தது. கோடையில் ஒரு லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள். கொஞ்ச நேரம் வகுப்பே அமைதியாக இருந்தது. அப்புறம் டிஎம்சி. நூறு கோடி கனஅடி ஒரு டிஎம்சி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி, வகுத்துப் பார்த்தால் நாள் முழுவதும் சுமார் 11,574 கனஅடி ஓடினால் ஒரு டிஎம்சி. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னது அந்த இடத்தில் அளந்து வரவேண்டிய தண்ணீரைத்தான். கணக்கு, புவியியல், குடிமையியல் மூன்றும் ஒரு ஓடையிலிருந்து வந்தன. லேபின் சுவரில் ஒரு கட்டத்தாள் ஒட்டி, தினமும் காலை அளவை மட்டும் ஒருவர் புள்ளி வைக்க வேண்டும் என்று முறை போட்டோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் கோடு ஏறி இறங்கியதைப் பார்த்தாலே பருவமழை என்னவென்று தெரியும்.

உங்கள் ஊரில் காவிரி இல்லாவிட்டால் பரவாயில்லை. தக்காளி விலை, பட்டுக்கூடு விலை, மழை அளவு, எந்த எண் உங்கள் பிள்ளைகளின் வீட்டைத் தொடுகிறதோ அதை எடுங்கள். தினமும் மாற வேண்டும், வீட்டில் யாராவது அதைப் பற்றிப் பேச வேண்டும், இவை இரண்டும் இருந்தால் போதும்.

ஏழாவது வாரம்: வலைப்பூ

பிளாக்கர் போதும். 1999-லிருந்து இருக்கிறது, 2003-இல் கூகுள் வாங்கியது, இலவசம், தமிழ் ஒழுங்காகத் தெரியும். உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். வகுப்புக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்கி அதில் செய்யுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். வார்ப்புருவில் மிக எளிமையானதை எடுங்கள், வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து. ஓடுகிற எழுத்து, பாட்டு, கடிகாரம் எதுவும் வேண்டாம்.

அமைப்புகளில் இரண்டை அன்றே மாற்றிவிடுங்கள். பின்னூட்டம் எது வந்தாலும் நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகுதான் தெரிய வேண்டும், அதற்கான மட்டுறுத்தலை ‘எப்போதும்’ என்று வையுங்கள். வாசிக்கும் அனுமதியை முதல் மாதம் தனிப்பட்டதாக வைத்து, பள்ளிக்குள் மட்டும் பார்க்கிற மாதிரி செய்யுங்கள். பழகிய பிறகு, பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லி, பொதுவில் திறக்கலாம். தனிப்பட்டதாக இருக்கும்வரை வலைப்பூவின் ஓடை வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கு தொடங்கிக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வகுப்புக் கணக்கு ஒன்று, வெளியிடுவது ஆசிரியர், பதிவின் அடியில் முதலெழுத்தும் வகுப்பும் மட்டும். முழுப் பெயர், ஊர், போன் நம்பர், முகம் தெரியும் படம், எதுவும் போகக் கூடாது. தொடக்கத்தில் ஒரு பதிவில் கோலப் போட்டிப் படம் போட்டிருந்தேன், ஓரத்தில் ஒரு மாணவியின் முகம் இருந்தது. அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ‘சார், பொண்ணு போட்டோவ எடுத்துடுங்க சார்’ என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் முன்னாலேயே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கை, பயிர், பாத்திரம், சுவர், நீரோடை, மரம், இவைதான் எங்கள் படங்கள். சொல்லப்போனால் அவைதான் நல்ல படங்களாகவும் இருந்தன.

சரி, என்ன எழுதுவது? நடந்து போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும் என்பது ஒரே விதி. ஓடையில் வாசித்த செய்தி ஒன்று, அதே விஷயம் நம் ஊரில் எப்படி இருக்கிறது என்பது ஒன்று, இரண்டையும் சேர்த்தால் பதிவு.

ஒரு பையன் கொண்டு வந்த முதல் வரைவு இப்படி இருந்தது: ‘பாலக்கோடு சந்தையில் தக்காளி விலை கடும் சரிவு. விவசாயிகள் வேதனை. அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்.’ ஓடையில் வாசித்த செய்தியின் குரல் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவனைத் திட்ட ஒன்றுமில்லை, வாசித்தால்தான் குரல் ஒட்டும். ‘உங்க வீட்ல தக்காளி போட்டிருக்கீங்களாப்பா?’ என்று கேட்டேன். போட்டிருந்தார்கள். மூன்று கேள்வி எழுதிக் கொடுத்து, மண்டிக்கு அப்பாவோடு போகச் சொன்னேன்: எத்தனை பெட்டி ஏற்றினீர்கள், என்ன விலைக்கு ஏலம் போனது, வண்டி வாடகையும் பறிகூலியும் போக என்ன நின்றது.

அடுத்த வாரம் வந்த வரைவில் ‘வேதனை’ என்ற சொல்லே இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு டெம்போவில் ஏறியது, பதினான்கு பெட்டியும் ஏலத்தில் எப்படி ஒரு நிமிடத்தில் முடிந்தது, கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள், கையில் வந்த பணத்தை அப்பா இரண்டு தடவை எண்ணியது, திரும்பி வரும்போது இருவரும் ஒரு டீயைப் பங்கிட்டுக் குடித்தது. கடைசியில் ‘அடுத்த வாரம் பறிக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார்’ என்று முடித்திருந்தான். நான் ஒரு எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன். எண்கள் இருந்த இடத்தில் ‘யாரிடம் கேட்டது, என்ன தேதி’ என்று சேர்க்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

பெட்டி என்று எழுதலாமா, பாடநூலில் வேறு மாதிரி இருக்குமா என்று கேட்பார்கள். மண்டியில் என்ன சொல்கிறார்களோ அதை எழுது என்று சொல்லுங்கள். புளி உலுக்குவது, கொட்டை தட்டுவது, களி கிண்டுவது, மாங்காயைக் கூழ் ஆலைக்கு ஏற்றுவது, இதற்கெல்லாம் நம் ஆட்கள் வாயில் இருக்கும் சொற்கள் இணையத்தில் குறைவு. ஓசூர், தளி பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேச்சாக இருக்கும், தமிழில் எழுதத் தயங்குவார்கள். அவர்களிடம் பாட்டி சொல்லும் சொல்லையும் அதற்குத் தமிழில் என்ன என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பதிவு கேட்டுப் பாருங்கள். அதுவரை வாயைத் திறக்காத பிள்ளைதான் அன்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

தட்டச்சு பற்றி நிறையப் பேருக்குப் பயம். லேபில் விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை சேர்த்துக்கொள்ளலாம், போனில் ஜிபோர்டு விசைப்பலகை இருக்கிறது, பேசினாலும் எழுதிக்கொள்ளும். பேசி எழுதினால் ஒற்று எல்லாம் பறந்துவிடும், அதைத் திருத்துவதே ஒரு தமிழ் வகுப்பு. எதுவாக இருந்தாலும் முதல் வரைவு நோட்டில், பேனாவில். பக்கத்து பெஞ்சுக்காரர் வாசித்து ‘இது புரியவில்லை’ என்று ஒரு இடத்தைக் கோடிட வேண்டும். அப்புறம்தான் கணினி.

காப்பியடிப்பது வரும். ஒரு தடவை ஒரு நீண்ட பதிவு பிரமாதமாக வந்தது, எட்டாம் வகுப்புப் பிள்ளையின் மொழி இல்லை. தேடிப் பார்த்தால் ஒரு செய்தித் தளத்திலிருந்து வரிக்கு வரி. அதை வகுப்பில் வைத்துப் பேசவில்லை, தனியாக அழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, ‘இதில் உனக்குப் புதிதாகத் தெரிந்தது எது?’ என்று மட்டும் கேட்டேன். ஒரு வரியைக் காட்டினான். அந்த ஒரு வரியை மேற்கோளாக வைத்து, எடுத்த இடத்துக்கு இணைப்புக் கொடுத்து, மீதியை அவனே எழுதினான். அடுத்தவர் எழுத்தை எடுத்தால் சொல்லிவிட்டு எடு, இணைப்புக் கொடு. விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தாலும் பெயர் சொல்ல வேண்டும், அதன் உரிமமே அதைத்தான் கேட்கிறது. படமும் அப்படியே.

பின்னூட்டம் எழுதவும் சொல்லித்தர வேண்டும், தானாக வராது. விட்டால் ‘சூப்பர்’, ‘அருமை நண்பா’ என்று முப்பது வரும். நான் கேட்பது இரண்டு வரி: பதிவில் உனக்கு முன்பே தெரியாத ஒன்றைச் சொல், எழுதியவரிடம் ஒரு கேள்வி கேள். எழுதியவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு பற்றிய ஒரு பதிவு இப்படித்தான் வளர்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்ததைப் பற்றி ஒருத்தி எழுதியிருந்தாள். ‘உங்க பாட்டிக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்குமே, அது எதனால்?’ என்று தோழி பின்னூட்டத்தில் கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் கறைக்குக் காரணம் ஃப்ளோரைடு என்பதையும், குடிநீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் ஒன்றரை வரை என்ற இந்திய தரநிலை அளவையும் இருவரும் கண்டுபிடித்தார்கள். அடுத்த பதிவு அவர்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி.

பழைய பதிவைத் திருத்தவும் பழக்குங்கள். பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 வரை பழமையானது என்று 2022 மே மாதம் அறிவித்தார்கள், அதை வைத்து ஒரு மாணவன் ‘தமிழ்நாட்டிலேயே பழைய இரும்பு எங்கள் மாவட்டத்தில்’ என்று பெருமையாக எழுதினான். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் ஆய்வு முடிவு வந்தது, அதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தையது. ஓடையில் அதை முதலில் பார்த்தவனும் அவனேதான். அழித்துவிடட்டுமா சார் என்றான். அழிக்க வேண்டாம், மேலே தேதி போட்டு என்ன மாறியது என்று இரண்டு வரி சேர் என்றேன். பாடப்புத்தகம் அடுத்த பதிப்பு வரை மாறாது, வலைப்பூவில் அன்றே மாற்றலாம்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன், இதில் நீட்ட ஒன்றுமில்லை. வளரறி மதிப்பீட்டில் ஒரு செயல்பாடாகக் கணக்கில் எடுக்கலாம். எத்தனை பதிவு என்று எண்ணாதீர்கள். முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் நடுவில் என்ன மாறியது என்று பாருங்கள், நோட்டு உங்களிடம் இருக்கும்.

பதிவுகளுக்குக் குறிச்சொல் போட மறக்காதீர்கள்: காவிரி, தக்காளி, பாட்டி சொல், இரும்பு, எதுவானாலும். பிளாக்கரில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனி ஓடை உண்டு. அறிவியல் ஆசிரியர் ‘காவிரி’ குறிச்சொல்லின் ஓடையை மட்டும் தன் செயலியில் சேர்த்துக்கொள்ளலாம், தமிழாசிரியர் பாட்டி சொல்லை. அப்புறம் பிள்ளைகள் தங்கள் வலைப்பூவின் ஓடையையே தங்கள் வாசிப்புப் பட்டியலில் சேர்க்கட்டும். பிபிசி தமிழுக்குக் கீழே தான் எழுதியது வந்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

மாற்றலாகிப் போகும்போது

நமக்குக் கலந்தாய்வு எப்போது வேண்டுமானாலும் வரும். அதனால்தான் வகுப்புக்குத் தனிக் கணக்கு என்று சொன்னேன். பள்ளியில் இன்னொரு ஆசிரியரையும் நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள், முதல் மாதமே. பிளாக்கர் அமைப்புகளில் உள்ளடக்கத்தை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது, பருவத்துக்கு ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் ஒன்று, தலைமையாசிரியர் அறைக் கணினியில் ஒன்று. ஓடைப் பட்டியலையும் செயலியிலிருந்து ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம், மிகச் சின்ன கோப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாங்குகிறவர் தன் செயலியில் ஒரே தட்டில் எட்டு ஓடையையும் சேர்த்துக்கொள்வார். எனக்குப் பின்னால் வந்த டீச்சருக்கு நான் விட்டுவிட்டு வந்தது அந்தக் கோப்பும், கடவுச்சொல் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும், சுவரில் பாதி நிரம்பிய கட்டத்தாளும்.

இப்போது கிருஷ்ணகிரி பக்கம் வேலை. பழைய பள்ளியின் ஓடை இன்னும் என் போனில் இருக்கிறது. போன மாசியில் அதில் ஒரு பதிவு வந்தது, எட்டாம் வகுப்பு, முதலெழுத்து ‘ம’. நான் பாடம் எடுத்த பிள்ளை இல்லை. அம்மாவோடு புளி தட்டப் போனதைப் பற்றி எழுதியிருந்தாள், ஒரு கிலோவுக்கு என்ன கூலி, யாரிடம் கேட்டது, என்ன தேதி என்று எல்லாம் இருந்தது. பின்னூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன், கொட்டையை எங்கே அனுப்புகிறார்கள் என்று. டீச்சர் அனுமதித்துவிட்டார், பதில் வர வேண்டும்.